மோட்டார் காரில் ‘மிஸ்ஸிங்’: வீட்டிலேயே காரணம் அறியும் முறை

சாயர்புரம் வட்டாரத்தில் மோட்டார் கார் இக்காலத்தில் ஆடம்பரப் பொருளன்று. விதைக்கும் உரத்துக்கும் ஏரல், தூத்துக்குடி சென்று திரும்புவதற்கு அது ஏர்மாட்டைப்போல் இன்றியமையாததாகிவிட்டது. மாடு நொண்டினால் குளம்பா, மூட்டா என்று காலைத் தூக்கிப் பார்த்த பின்னரே வைத்தியம் செய்கிறோம். வண்டி குலுங்கினாலோ பாராமலே சாமான்களை மாற்றிப் பணத்தை விரயம் செய்கிறோம்.

பெட்ரோல் என்ஜினில் ஒவ்வொரு ஸிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிமிஷத்திற்கு 800 சுற்று ஓடும்போது ஒரு ஸிலிண்டர் 400 முறை வெடித்தாகவேண்டும். இவ்வெடிப்பு இடையிடையே தவறுவதையே பட்டறைக்காரர் ‘மிஸ்ஸிங்’ என்பர். நடுக்கம், இழுவைக் குறைவு, பெட்ரோல் நெடி ஆகியவை இதன் அறிகுறிகள்.

இதனை அசட்டை செய்தல் ஆபத்து. எரியாத பெட்ரோல், புகைக்குழாயிலுள்ள கன்வர்ட்டரில் சென்று எரிந்து அதனைச் செந்தணலாகக் காய்ச்சிவிடும். அத்தகைய வண்டியை வைக்கோல் கிடக்கும் களத்தில் நிறுத்தினால் தீப்பற்றக்கூடும். என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை மேற்கொண்டு ஓட்டலாகாது.

கோளாறு எப்பொழுது தோன்றுகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

(1) பனிக்காலையிலும் மழைக்குப் பின்னும் தோன்றி, சூடேறியதும் மறைந்தால், ஈரத்தால் மின்சாரம் கசிகிறது என ஊகிக்கலாம். உப்பளக் காற்று வீசும் இக்கரையில் இது அதிகம். மின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு உண்டா என்று பார்க்கவும்.

(2) பாரம் ஏற்றும்போது தோன்றினால் பிளக் அல்லது காயில் பலவீனமாயிருக்கலாம்.

(3) நின்று ஓடும்போது மட்டும் தோன்றினால் ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்று புகலாம்.

(4) திடீரென்று தோன்றினால் எலி வயரைக் கடித்துள்ளதா என்று பார்க்கவும். நெல் மூட்டைகளருகே நிறுத்தும் வண்டிகளில் இது சாதாரணம்.

அடுத்து, குறியீடு படிக்கும் சிறு கருவி ஒன்றை வண்டியில் செருகினால் பி 0301 என்பது முதல் ஸிலிண்டரையும், பி 0302 என்பது இரண்டாவதையும் குறிக்கும். பி 0300 எனில் தவறுதல் ஒரே ஸிலிண்டரில் நிற்கவில்லை என்பது பொருள். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியானால், சாவியை எடுத்து, என்ஜின் ஆறிய பின், முதல் ஸிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் பொருத்திக் குறியீட்டை அழித்து ஓட்டிப் பார்க்கவும். குறியீடு 0302 ஆக மாறினால் குற்றம் காயிலினுடையது. மாறாவிடில் பிளக்குகளையும் அவ்வாறே இடம் மாற்றிச் சோதிக்கவும். அப்பொழுதும் மாறாவிடில் இஞ்ஜெக்டரையும் ஸிலிண்டர் அழுத்தத்தையும் பட்டறையில் சோதிப்பிக்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றுமுன் அதன் குழியிலுள்ள செம்மண் புழுதியை ஊதிவிட வேண்டும். இன்றேல் மணல் ஸிலிண்டருக்குள் விழும். பிளக் முனை இளம்பழுப்பாயின் நலம், கரிபடிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி, எண்ணெய்ப் பசையாயின் உட்தேய்மானம், வெளுத்திருப்பின் மிகைச்சூடு. மீண்டும் மாட்டுகையில் முதலில் கையாலேயே திருக வேண்டும். ஓடும் என்ஜினில் காயிலையோ அதன் வயரையோ தொடலாகாது. அதில் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பாயும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆதலால் பம்புக்கென்று மாதக்கணக்கில் தகரத்தில் வைத்திருந்த பெட்ரோலைக் காரில் ஊற்றலாகாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு இம்முறைகள் பொருந்தா. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகள் வெள்ளக்காடாயின. அத்தகைய சமயத்தில் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்புவதே பெருந்தவறு. காற்றைப்போல் நீர் அமுங்காது; ஸிலிண்டரில் நீர் இருப்பின் கனெக்டிங் ராடு வளைந்து என்ஜினே பாழாகும். பாட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியை இழுத்தே பட்டறை சேர்க்க வேண்டும்.

கண்டவற்றைத் தேதியுடன் ஒரு தாளில் குறித்துப் பட்டறைக்காரரிடம் கொடுப்பின் வேலையும் விரைவில் முடியும். வீண் செலவும் குறையும்.