ஓயாத தும்மலா? காலி மனையை எட்டிப் பாருங்கள்!

கோவை,

காலையில் கண் விழித்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல். மூக்கில் தண்ணீராகக் கொட்டுகிறது. கண் சிவந்து ஒரே அரிப்பு.

"சளி பிடிச்சிருக்கு" என்று மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறீர்கள். இரண்டு வாரம் ஆகியும் விடவில்லையா?

தெருக் கோடியில் உள்ள காலி மனையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். இடுப்பு உயரத்துக்குச் செடி. கேரட் இலை மாதிரி இலை. உச்சியில் ஜவ்வரிசி தூவியது போல வெள்ளைப் பூ. பார்க்க என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் பார்த்தீனியம் என்கிற விஷப்பூண்டு!

கோதுமையோடு வந்த வினை

இதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 1950-களில் புனேயில் தலை காட்டியது. இறக்குமதிக் கோதுமையில் கலந்து வந்துவிட்டது என்பார்கள்.

1984-ல் மெக்சிகோ நாட்டு வண்டு ஒன்றைக் கொண்டுவந்து பெங்களூரில் இதன் மேல் ஏவினார்கள். வண்டு இலையைத் தின்றது. பூண்டு ஒழியவில்லை. எப்படி ஒழியும்? ஒரே செடி பத்தாயிரம் விதைக்கு மேல் உதிர்க்கிறது. மழை பெய்து முளைத்தால் ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடுகிறது.

பூவின் மகரந்தத் தூள் காற்றில் ஏறி மூக்கில் புகும். ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் தும்மல்தான். சளிக்கு வருகிற காய்ச்சல் இதில் இராது. பூ இருக்கும் வரை தொல்லையும் இருக்கும். சிலருக்கு இழுப்பே வந்துவிடும். அப்போதும் கடை மாத்திரையை நம்பிக்கொண்டு இராமல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

வெறும் கையால்...

ஒரு மனையில் நிருபர் கண்ட காட்சி இது. கூலிக்கு வந்த இரண்டு பெண்கள் பூத்த செடியை வெறும் கையால் பிடுங்கி, மார்போடு அணைத்துத் தூக்கிப் போனார்கள். ஒரு அம்மாவுக்கு முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்தது. கேட்டால், "கொசு கடிச்சிருக்குமுங்க" என்றார்.

கொசு இல்லை அம்மா! செடியில் உள்ள பார்த்தெனின் என்கிற விஷப்பொருள் தோலில் பட்டால் இப்படி அரித்துத் தடிக்கும். தொடர்ந்து பட்டால் முகம், கழுத்து, கண் இமை என்று பரவும். கூலி கொடுப்பவர் ஒரு ஜோடி கையுறையும், மூக்கில் கட்ட ஒரு துணியும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். பயிர் இல்லாத வெற்று இடம் என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்துத் தெளித்தாலும் கருகிவிடும்.

அந்த மனைக்காரர் வெளியூரில் இருக்கிறாராம். பிடுங்கிய செடி இரண்டு நாளாக ரோட்டோரத்தில் குவிந்து கிடக்கிறது. பக்கத்து மனையும் காலிதான். விதை அங்கே பறந்துகொண்டிருக்கிறது.