மாட்டைப் பற்றியும் பட்டம் படிக்கலாம்

"மாடு வளர்க்க ஒரு படிப்பா?" என்று லயத்தில் சிலர் சிரிக்கலாம். விசயம் அப்படியில்லை.

நம்ம மலைக் குளிரில் நன்றாகக் கறக்கும் ஃபிரீஷியன் பசு, வன்னி வெயிலில் மூச்சு வாங்கும். தீனி குறையும், பாலும் குறையும். அங்கே சாஹிவால், சிந்தி போன்ற வெயில் தாங்கும் இனங்களின் கலப்பே தோது. புல் காய்ந்த காலத்தில் வைக்கோலை யூரியாக் கரைசலில் பதப்படுத்திக் கொடுக்கலாம். இனம், தீனி, பால், இறைச்சி, முட்டை இவற்றை ஆராய்வதுதான் விலங்கு விஞ்ஞானம். நோய் பார்க்கும் மிருக வைத்தியப் படிப்பு வேறு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கியது. யுத்தத்தால் யாழ்ப்பாணம் போய், 2009இல் யுத்தம் முடிந்த பிறகு கிளிநொச்சி அறிவியல் நகருக்குத் திரும்பியது. 1977, 1983 கலவரங்களில் மலையகத்தை விட்டுப் போன நம்ம சனம் பலர் குடியேறிய பூமி அது.

போகும் வழி இதுதான். உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவு எடுக்கணும். இசட் புள்ளி போதுமானால் நான்கு வருட விவசாயப் பட்டம். அதற்குள் விலங்கு விஞ்ஞானமும் உண்டு. அரச பல்கலைக்கழகத்தில் இதற்குக் கட்டணமில்லை. நுவரெலியா, பதுளை மாவட்டப் பிள்ளைகளுக்கு மாவட்ட ஒதுக்கீடும் உண்டு. அதன்பின் முதுமாணி, கலாநிதி வரை போகலாம். பேராதனையில் 1975 முதல் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் நடக்கிறது. பட்டப்பின் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிவரும், முன்கூட்டியே விசாரியுங்கள்.

பெற்றோரே, மருத்துவம் கிடைக்கவில்லை என்று பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பாதீங்க. விண்ணப்பத்தில் விவசாய பீடத்தையும் எழுதச் சொல்லுங்க.