காறை எலும்பு

தொண்டாமுத்தூர்ப் பாக்குத் தோப்பொன்றில் மரமேறும் தொழிலாளி ஒருவர், தோள் தரையில் மோத விழுந்துவிட்டார் எனக் கொள்வோம். மருத்துவமனையில் ‘கிளாவிக்கிள் முறிந்துள்ளது’ என்கின்றனர். முறிந்தது தம் எலும்பேயாயினும், அது எதுவென அவருக்கு விளங்கவில்லை. அவ்வெலும்பிற்குத் தமிழில் பெயர் உண்டு. அதுவே காறை எலும்பு.

கழுத்தின் அடியில் விரல் வைத்துப் பாருங்கள். மார்பெலும்பிலிருந்து தோள்பட்டை வரை இருபுறமும் கிடையாக நீளும் எலும்புகளை உணரலாம். கையின் சுமையை உடலுக்குக் கடத்துபவை இவையே. கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவனவற்றுள் ஒன்றாகிய இது, இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி பெறுகிறது. உங்கள் காறை எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது!

காறை என்பது கழுத்தைச் சுற்றி அணியும் வளைய வடிவ அணிகலன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் குறிக்கும் அணிகளுள் இதுவும் ஒன்று. காறை படிந்து கிடக்கும் இடத்து எலும்பு, காறை எலும்பு ஆயிற்று. இலத்தீன் மொழியினர் இதில் சிறு திறவுகோலைக் கண்டனர். ‘கிளாவிக்கிள்’ என்பதன் பொருள் அதுவே. தமிழர் அணிகலனைக் கண்டனர். அவ்வாறே, முன்கை எலும்புகளுள் ஒன்று சக்கரத்தின் ஆரக்காலை நினைவூட்டும் வகையில் ஆரை எலும்பு எனப்படுகிறது.

இத்தகைய சொற்களைக்கொண்டு மருத்துவமே கற்பிக்கப்பட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழில் மருத்துவம் பயிற்றுவித்தார். உடற்கூறு பற்றிய ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் அவரது நூல் 1872இல் வெளிவந்தது. வள்ளுவர் ஆண்ட ‘என்பு’ என்னும் சொல்லை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இன்றும் வழங்குகின்றன. கொங்கு நாட்டிலும், கோவையிலிருந்து வெளிவந்த ‘கலைக்கதிர்’ இதழ் அறிவியலைத் தமிழில் வளர்த்தது.

காறை அணியும் வழக்கம் அருகியதால், காறை எலும்பு என்னும் சொல்லும் இன்று பலருக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆயினும், கழுத்தடியைத் தொட்டுக்காட்டி ஒருமுறை விளக்கினால் அது மறவாது. நாளை உங்களுள் சிலர் மருத்துவராகவோ செவிலியராகவோ ஆகலாம். அடிபட்டு வருபவரிடம் அவர் உடம்பைப் பற்றி அவர் மொழியில் கூறுங்கள். தமக்கு என்ன நேர்ந்தது என அறிவது நோயாளியின் உரிமை. அதனை விளங்கச் சொல்வது கற்றவர் கடமை.