அடுப்பங்கரைச் சுவரை இடிக்கும் முன்...

கடையைப் புதுப்பித்து முடித்த கையோடு வீட்டையும் கொஞ்சம் திருத்திக் கட்டலாம் என்ற எண்ணம் நம்மவர் பலருக்கும் வருவதுண்டு. அப்போது பிள்ளைகள் முதலில் கேட்பது, "அடுப்பங்கரைச் சுவரை எடுத்துவிட்டு ஹாலோடு சேர்த்துவிடலாமே அப்பா" என்பதுதான். ஓப்பன் கிச்சன் என்று இதற்குப் பெயர்.

அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், வேலையாள் வைத்துக்கொள்ள வசதியில்லாத நடுத்தரக் குடும்பங்களுக்கென 1930-களில் கட்டிய வீடுகளில் சமையலிடத்தைக் கூடத்தோடு இணைத்தார். சமைப்பவர் தனியாக ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம் என்பது அதன் நன்மை. நம் வீட்டுப் பெண்கள் இதைக் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை.

கடையில் ஒரு கணக்குப்பிள்ளையை நிறுத்தினால், அவர் பார்த்த வேலையை இனி யார் பார்ப்பது என்று யோசிக்கிறோம் அல்லவா? அடுப்பங்கரைச் சுவரும் அப்படித்தான். அது மூன்று வேலைகளைப் பார்த்து வந்தது. மேலே உள்ள பாரத்தைத் தாங்கியது, புகையையும் நெடியையும் தடுத்தது, சாமான்களைப் பாதுகாத்தது. இந்த மூன்றுக்கும் மாற்று ஏற்பாடு செய்த பிறகே கடப்பாரையை எடுக்க வேண்டும்.

1. பாரம்

எங்கள் வீடு கடையின் பின்கட்டில் உள்ள பழைய வீடு. கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் தடுப்புச் சுவர்தான் அண்ணாச்சி" என்றார். ஜன்னல் அளவுக்குத் திறந்ததுமே மேலிருந்து காரை உதிர்ந்தது. பார்த்தால், தளத்தைத் தாங்கும் மரக்கட்டைகளின் முனைகள் அந்தச் சுவரில்தான் ஊன்றியிருந்தன. உடனே வேலையை நிறுத்தி, முட்டுக் கொடுத்து, பொறியாளரை அழைத்தோம். இரும்பு உத்திரம் ஏற்றி முடியும்வரை கடையைத் திறக்க முடியவில்லை. சுவருக்கு ஆன செலவைவிட வியாபாரம் போனதுதான் பெரிய நஷ்டம்.

மரக்கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் செங்கலை நிறுத்திச் சுண்ணாம்புக் காரை பூசிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் சுவர்கள்தான் பாரம் தாங்குகின்றன. கான்கிரீட் தளமானாலும், தூண் இல்லாத வீட்டில் 9 அங்குலச் சுவர் பெரும்பாலும் பாரம் தாங்கும் சுவரே. நாலரை அங்குலச் சுவர் பொதுவாகத் தடுப்பு என்றாலும், தடிமனை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்து மூலம் கருத்து வாங்குங்கள். கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் இரண்டு தளங்களையும் காட்ட வேண்டும். வாடகை வீடானால் உரிமையாளரின் சம்மதமும், அடுக்குமாடியானால் குடியிருப்போர் சங்கத்தின் சம்மதமும் தேவை. உள்ளாட்சி அனுமதி வேண்டுமா என்பதையும் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

2. புகையும் எரிவாயுவும்

மிளகாய் தாளிக்கும் நெடிக்குச் சுவர்தான் அணை. அது போனபின் சிம்னி வேண்டும். மணிக்கு 10 முறை அறைக் காற்றை மாற்றும் திறன் என்பது பொதுவான கணக்கு. 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அடுப்பங்கரை 1,000 கன அடி, அதாவது சுமார் 28 கன மீட்டர். அதற்கு மணிக்கு 280 கன மீட்டர் போதும். 20 அடிக்கு 12 அடி ஹாலையும் சேர்த்தால் மொத்தம் 3,400 கன அடி. தேவை மணிக்கு 960 கன மீட்டர் ஆகிவிடும். வாங்கும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் சமையலுக்குப் புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வகைதான் ஏற்றது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு படர்ந்து, திறந்த வீட்டில் பூஜை விளக்குவரை போகும். ஆகவே தரையை ஒட்டியும் ஒரு காற்றுவழி விடுங்கள். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், நெருப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள்.

3. சாமான்கள்

பழைய வீட்டில் அடுப்பங்கரையை ஒட்டி உக்கிராண அறை இருந்தது. இருட்டு, உலர்ந்த காற்று, மூடிய கதவு. புது அமைப்பில் அது ஹாலோடு கரைந்துவிடுகிறது. அழகுக்காக அடுப்புக்கு மேல் கண்ணாடி ஜாடிகளை அடுக்குகிறார்கள். நமக்குத் தெரியாததா? வெளிச்சத்தில் மிளகாய்த்தூள் வெளுக்கும், வெப்பத்தில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், நீராவி பட்ட பருப்பில் வண்டு வைக்கும். அடுப்பைவிட்டுத் தள்ளி, கதவுள்ள அலமாரி ஒன்றை முதல் வரைபடத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

இதில் நம் தொழிலுக்கும் ஒரு செய்தி உண்டு. உக்கிராணம் இல்லாத வீடு மாதப் பட்டியல் போடாது. 25 கிலோ அரிசி மூட்டையை வைக்க இடமிருக்காது. அந்த வீட்டார் வாரம் ஒருமுறை கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குவார்கள். அவர்களைச் சில்லறை வாடிக்கையாளர் என்று அலட்சியப்படுத்தினால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். மாதம் ஒருமுறை வந்தவர் நான்கு முறை வருகிறார் என்றால் அது நமக்கு லாபமே. சிறு பொட்டலங்களை முன்கூட்டியே கட்டி வைப்பவர்கள் மட்டும், பெயர், முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை முதலிய விவரங்களை அச்சிட வேண்டும் என்ற 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளை மறக்க வேண்டாம்.

சுவரை எடுப்பது ஒரு நாள் வேலை. அது செய்துவந்த மூன்று வேலைகளுக்கும் ஆள் போட்டுவிட்டு எடுத்தால் வீடும் நிற்கும், கடையும் நடக்கும்.