பிள்ளை மடுவத்தைப் பற்றி முறைப்பாடு வந்தால்



விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஓடுகிறீர்கள். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பெயர் எதுவானாலும், பொழுது சாயும்வரை உங்கள் பிள்ளை அங்கே இருப்பவர்களின் கையில்தான். அங்கே ஒரு குறையைக் கண்டால் யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன நடக்கும் என்று பலருக்கும் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் ஒரு தாய் என்னிடம் வந்தார். "ஐயா, கொழுந்து நிறுத்துட்டு வர்றப்போ எம்புள்ள கான் ஓரத்துல தனியா நிக்குது. ஆயம்மாவ ஒன்னும் சொல்லிடாதீங்க. அவங்க எங்க லயத்து ஆளு" என்றார்.

நான் ஒரு பிழை செய்தேன். நாளைக்கு வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டேன். போய்ப் பார்த்தால் மடுவம் கூட்டிப் பெருக்கி, பிள்ளைகள் பவுடர் பூசி உட்கார்ந்திருந்தார்கள். குறை ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்லாமல் பிற்பகல் மூன்று மணிக்குப் போனேன். இருபது பிள்ளைகளுக்கு மேல். பார்க்க ஒரே ஒரு ஆயம்மா. அவர் கைக்குழந்தைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தார். வாசல் கதவின் கொண்டி உடைந்து கிடந்தது. பொறுப்பான உத்தியோகத்தரை வேறு டிவிசன் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். இடாப்பைப் புரட்டினால், அந்த மாதம் பல நாட்கள் அதே கதைதான்.

ஆயம்மாவை நிறுத்தியிருந்தால் முறைப்பாடு முடிந்திருக்கும். ஆனால் கான் அங்கேயே இருந்திருக்கும். அடுத்து வருபவரும் தனியாகத்தான் நின்றிருப்பார். ஆகவே கதவைத் திருத்தவும், பிற்பகலில் மாற்று ஆள் போடவும் நிர்வாகத்துக்கு எழுதினோம். இரண்டும் நடந்தன.

விசாரணை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்:

1. முறைப்பாட்டை அன்றைக்கே, நாள், நேரத்தோடு, சொன்னவரின் வார்த்தையிலேயே எழுத வேண்டும்.

2. அறிவிக்காமல் வெவ்வேறு நேரங்களில் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் எத்தனை, பார்ப்பவர்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். அடுப்பு, தண்ணீர், கான், கக்கூசு, தொட்டில் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும்.

3. மடுவத்தில் வேலை செய்பவரின் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

4. முடிவை முறைப்பாடு செய்தவருக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். அவர் பெயரை வெளியே விடக்கூடாது.

ஆனால் பிள்ளையின் உடம்பில் அடித்த தழும்போ, சூடு வைத்த காயமோ, வேறு துன்புறுத்தல் சந்தேகமோ இருந்தால் அது தோட்டத்துக்குள் பேசித் தீர்க்கும் விஷயமில்லை. சிறுவரைக் கொடுமைப்படுத்துவது 1995ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி குற்றம். முதலில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பொலிசிலோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்திலோ அறிவியுங்கள். பிள்ளையை ஆளாளுக்குத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள்; அது பயந்துபோய்ப் பேச்சை மாற்றிவிடும்.

இன்னொன்று. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை தாய்க்கு உண்டு. இது மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் தந்த உரிமை. யாரும் செய்யும் தயவல்ல. மடுவம் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. அந்த நேரத்தில் மடுவத்தை நீங்களே கண்ணால் பார்க்கலாம்.

"நமக்கேன் வம்பு" என்று இருந்துவிடாதீர்கள். அந்தத் தாய் அன்றைக்கு வாய் திறந்ததால்தான் ஒரு கதவுக்குக் கொண்டி விழுந்தது.