கல்லுக்குள் இருக்கும் கார்பன் எங்கிருந்து வந்தது?

தாழையூத்துக்காரர்களுக்குச் சுண்ணாம்புக்கல் புதிதல்ல. 1949இல் சங்கர்நகரில் சிமெண்ட் ஆலை வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். ஒரு காலத்தில் கடலடியில் படிந்து, பிறகு பூமியின் ஆழத்துக்குப் போய், அங்கே வெந்து படிகமான கல் அது. எவ்வளவு சூட்டில் வெந்தது, கூடவே என்ன திரவம் ஊடுருவியது என்பதையெல்லாம் அதற்குள் இருக்கும் கார்பனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கார்பன் அணுக்களில் நூற்றுக்குச் சுமார் 99 எடை 12 உள்ளவை. ஏறக்குறைய ஒன்று எடை 13 உள்ளது. இந்த விகிதம் இடத்துக்கு இடம் சற்று மாறும். செடிகொடிகள் இலேசான 12ஐ விரும்பி எடுப்பதால், அவற்றின் உடலில் 13இன் விகிதம் கடல் சுண்ணாம்புக்கல்லில் இருப்பதைவிட ஆயிரத்துக்குச் சுமார் 25 பங்கு குறைவு. பூமியின் மேலோட்டுக்குக் கீழே, மூடகத்திலிருந்து வரும் கார்பனில் அந்தக் குறைவு ஏறத்தாழ 5தான். கல்லைப் பொடித்து, மேலே பாஸ்பாரிக் அமிலம் விட்டு, கிளம்பும் வாயுவை நிறை நிறமாலைமானியில் செலுத்தினால் இந்த நுண்ணிய வேறுபாடு தெரிந்துவிடும்.

அம்பாசமுத்திரம் பக்கத்துச் சலவைக்கல் இதற்கு அருமையான சான்று. அதில் கால்சைட்டோடு ஹியூமைட் வகைக் கனிமங்கள் இருக்கின்றன. புவியியல் ஆய்வாளர்களான சதீஷ்குமாரும் வாடா, சந்தோஷ், யோஷிதா ஆகியோரும் இந்தக் கல்லுக்கும் அதில் ஊடுருவிய திரவத்துக்கும் நடந்த கொடுக்கல் வாங்கலை ஆராய்ந்து 2001இல் எழுதினார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்தபோது தென் தமிழகப் பாறைகள் கடுமையாக வெந்தன. அப்படி வேகும்போது டோலமைட்டும் சிலிக்காவும் சேர்ந்து ஃபார்ஸ்டரைட் என்ற மெக்னீசியக் கனிமமாகும். கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். போகிற வாயு 13ஐச் சற்று அதிகமாகவே அள்ளிப்போகும். எனவே மிஞ்சிய கால்சைட்டில் 13 எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது, எவ்வளவு வாயு போனது என்பதற்கு ஒரு தடயம்.

கல்லில் கிராஃபைட்டும் இருந்தால் அதுவே வெப்பமானி. கிராஃபைட் பெரும்பாலும் பழைய உயிரினங்களின் கார்பன். கால்சைட் கடலின் கார்பன். பக்கத்தில் பக்கத்தில் இருந்து சேர்ந்து வேகும்போது இரண்டும் அணுக்களை மாற்றிக்கொள்ளும். சூடு ஏற ஏற இரண்டின் 13 விகிதத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். 600 டிகிரியில் ஆயிரத்துக்குச் சுமார் 5, 800இல் சுமார் 2.5. மதுரை வட்டாரப் பாறைகள் 900 டிகிரிக்கும் மேல் வெந்தவை என்பதற்குச் சதீஷ்குமார் 2000இல் காட்டிய ஆதாரம் இந்த இடைவெளிதான். கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் அந்தச் சூட்டை அளக்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் பெரிய வியப்பு.

சேலம் மாமாங்கம், கருப்பூர் பக்கம் போனால், கல்லிலிருந்து வாயு வெளியேறிய அந்தக் கணக்கு தலைகீழாக நடந்திருக்கிறது. அங்கே டியூனைட் பாறையில் இருக்கும் மெக்னீசியக் கனிமம், தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் பட்டு, வெள்ளை மேக்னசைட் நரம்புகளாக மாறிவிட்டது. 1896இலேயே புவியியலாளர் மிடில்மிஸ் இந்தப் பாறைகளைப் பற்றி எழுதினார். 100 கிலோ ஃபார்ஸ்டரைட் முழுதும் மாறினால் சுமார் 62 கிலோ வாயு கல்லாகிவிடும். புவி சூடாகும் இந்தக் காலத்தில் உலகமே இந்த வேதிவினையை ஆவலோடு பார்ப்பது அதனால்தான். சேலத்தில் கல்லான வாயு மண்ணிலிருந்து வந்ததா, மூடகத்திலிருந்தா என்பதைக் கார்பன் சொல்லும். மெக்னீசியத்துக்கும் 24, 25, 26 என்று மூன்று எடைகள் உண்டு. கார்பனேட் கல் இலேசானதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே உலோகம் எந்த வழியாக வந்தது என்பதையும் அளந்து பார்க்கலாம்.

சுண்ணாம்புக்கல் குவாரிகள் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. சிமெண்டும் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் திருவக்கரையின் கல்மரங்களையும் பரங்கிமலையின் சார்னோகைட்டையும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களாகக் காப்பாற்றிய நாம், அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஹியூமைட் தெரியும் ஒரு பாறை முகத்தையாவது வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். நெல்லை மாவட்ட நிர்வாகமும் இந்தியப் புவியியல் ஆய்வகமும் இதைச் செய்ய முன்வர வேண்டும்.