காரை ஏற்றும் படகு ஏன் கவிழ்வதில்லை?

எங்க ஆலங்குடிப் பக்கம் கண்மாய்தான். படகில் பைக் ஏறுறதை மேட்டூர் அணையின் பண்ணவாடித் துறையில்தான் முதலில் பார்த்தேன். கேரளத்து ஜங்காரில் காரே ஏறும்: விலகி நிற்கும் இரண்டு படகுகளைப் பிணைச்சு, மேலே தளம் போடுவாங்க.

பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் படகு கூடுதலா அமிழும். தண்ணி அதை அதிகமா மேலே தள்ளும். அகலம் கூடக்கூட அந்தத் தள்ளலுக்கு நெம்புகோல் பலம். தளம் நிமிரும்.

ஆனால் விளிம்பு மூழ்கிட்டா தண்ணி உள்ளே புகும், கணக்கு முடிஞ்சது. இலங்கையின் கிண்ணியாவில் மிதவைக்குப் பேர் ‘பாதை’. 2021 நவம்பர் 23 அன்று, குறிஞ்சாக்கேணிப் பாலவேலை முடியாததால் ஓடிய பாதை கவிழ்ந்து, பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தாங்க.

ஏறுமுன் விளிம்பைப் பாருங்க. தண்ணி நெருங்கியிருந்தா, அடுத்த நடைக்கு நில்லுங்க.